சமவெளிக்காரர்களின் மலைக் கேள்விகள்

(பதில் சொல்பவர் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. பணியில் இருந்தபோது பள்ளி மாணவிகளை மலைகளுக்கு அழைத்துப் போனவர்; இப்போது தெருப் பெண்களை அழைத்துப் போகிறவர்.)

கேள்வி: டீச்சர், எனக்கு 52 வயது. உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்கு ஆகஸ்டில் போக மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். நான் ஏறியதிலேயே பெரிய மலை சுவாமிமலைதான். முழங்கால் வேறு அவ்வப்போது முனகுகிறது. போகலாமா, ரத்து செய்யச் சொல்லிவிடட்டுமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: ரத்தெல்லாம் வேண்டாம் அம்மா. ஆனால் சுவாமிமலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 60 படி. அதுவும் நம் பக்கம் மலையே இல்லையே என்று முருகனுக்காக எழுப்பிய கட்டுமலை.

நீங்கள் போகிற வழியைச் சொல்கிறேன். கோவிந்த்காட் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புல்னா வரை வண்டி போகும். பிறகு காங்கரியா வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஏற்றம். காங்கரியா 3,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கேதான் இரவு தங்க வேண்டும். அதுவரை மட்டக்குதிரை கிடைக்கும். பூங்காவுக்குள் குதிரைக்கு அனுமதி கிடையாது, டீக்கடை கிடையாது, தங்கவும் விடமாட்டார்கள். காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். தண்ணீரும் தின்பண்டமும் நீங்களே சுமக்க வேண்டும். குப்பையையும் நீங்களே திருப்பிச் சுமக்க வேண்டும்.

முதலில் முழங்காலை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் இந்த வாரமே பயிற்சியைத் தொடங்குங்கள். எல்லோரும் ஏறுவதற்குப் பழகுகிறார்கள், இறங்குவதற்கு யாரும் பழகுவதில்லை. முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். மொட்டைமாடிப் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல், குதிகால் தொப்பென்று விழாமல், மெதுவாக இறங்கிப் பழகுங்கள். அது வசப்பட்டதும் திருச்சி மலைக்கோட்டை. நானூறுக்கு மேல் படிகள். அதற்கடுத்து குளித்தலைக்குப் பக்கத்தில் அய்யர்மலை, 1,017 படி. முதுகில் நான்கைந்து கிலோ பையோடு ஏறி, இறங்கியபின் மறுநாள் காலையில் சாதாரணமாக எழுந்து வாசல் தெளிக்க முடிந்தால் நீங்கள் தயார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட டெல்டாக்காரர்களுக்கு நான் வைக்கும் தேர்வு இதுதான். இதில் தேறியவர்களை இமயமலை தோற்கடித்து நான் பார்த்ததில்லை.

காலணியை இப்போதே வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே அய்யர்மலை ஏறுங்கள். புதுக் காலணியோடு ரயில் ஏறினால் காங்கரியாவில் கொப்புளத்துக்கு மருந்து தேடுவீர்கள். கிளம்புவதற்கு முன் கால்விரல் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து, பெருவிரல் காலணியின் மூக்கில் இடித்துக்கொண்டே வரும். நகம் கறுத்துப்போவது அதனால்தான். இறங்கத் தொடங்குமுன் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் நன்றாகத் தள்ளி, கணுக்காலுக்குக் கீழே கயிற்றை இறுக்கி முடிச்சிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆகஸ்ட் அங்கே மழைக்காலம். பூவும் அதனால்தான். பூங்கா ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பூ கொட்டிக் கிடக்கும். ரிஷிகேஷிலிருந்து போகும் பாதையில் மண்சரிவும் அதே மாதங்களில்தான். திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளைச் சும்மா விட்டுவைக்கச் சொல்லுங்கள். பருத்திச் சுடிதார் நனைந்தால் காயாது, குளிர் எலும்பில் ஏறிவிடும். சட்டென்று காயும் துணியும் பையையும் சேர்த்து மூடும் மழையங்கியும் வேண்டும்.

இன்னொன்றும் எதிர்பார்க்கலாம். உங்கள் மகள் "பக்கத்தில்தானே, ஹேம்குண்ட் சாகிபும் போவோம்" என்பாள். அது 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் சீக்கியர்களின் குருத்வாரா. காங்கரியாவில் ஓரிரவு கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்கியபின் போகலாம். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அதற்குமேல் ஒரு அடி ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே போகிறேன் என்பவர்களோடு நான் பேசுவதில்லை.

கேள்வி: மூணாறு போயிருந்தோம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரிசையில் நின்று, வனத்துறை பஸ்ஸில் ஏறி, தார்ச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து திரும்பினோம். ஆனைமுடிப் பக்கம் போக முடியவில்லை. பார்த்தது நாலு ஆடு. இதற்கா இவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்கிறார்கள். – வாசகர், திருவையாறு

பதில்: அந்த நாலு ஆட்டிலிருந்தே தொடங்குகிறேன் ஐயா. அது வரையாடு, நம் மாநில விலங்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இருப்பவற்றில் பெரிய கூட்டம் வாழ்வது நீங்கள் போன இரவிகுளத்தில்தான். பிற மலைகளில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு எதிர்ப்பாறையில் நாளெல்லாம் தேட வேண்டும். நீங்கள் நடந்த ராஜமலையில் அது சாலையோரம் வந்து நிற்கிறது. கிழட்டுக் கிடாவைப் பார்த்தீர்களா? உடம்பு கரும்பழுப்பாக இருக்கும், முதுகில் மட்டும் வெளிறிய திட்டு, சேணம் போட்டதுபோலத் தெரியும். பேச்சை நிறுத்திவிட்டு நின்றால் அது புல்லைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் காதில் விழும். நான் போனபோது என் பக்கத்தில் நின்ற குடும்பம் செல்ஃபி எடுப்பதற்காக அதற்கு முதுகைக் காட்டி நின்றது. ஆடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனைமுடி 2,695 மீட்டர்; தென்னிந்தியாவில் இதைவிட உயரமான சிகரம் இல்லை. நினைத்தவர்களை நினைத்தபோது ஏறவிடாததற்குக் காரணம் காலுக்கடியில் இருக்கிறது. மேலே பரந்து கிடப்பது புல்வெளி, மடிப்புகளில் ஒதுங்கி நிற்பது சோலைக்காடு. தண்ணீர்ப் பானையைச் சுற்றிக் கட்டிய ஈரச் சாக்கைப்போல அந்த மண் மழையைப் பிடித்து வைத்து மெல்லக் கசியவிடுகிறது. ஆயிரம் கால்கள் ஒரே இடத்தில் மிதித்தால் புல் போய்த் தடம் விழும். அடுத்த மழையில் தடம் வாய்க்காலாகும். அதற்கடுத்த மழையில் மண் கீழே போய்விடும். தார்ச் சாலையில் நடக்கச் சொல்வது உங்களை அவமதிக்க இல்லை.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது திருவையாற்றுக்காரருக்குத் தெரிய வேண்டாமா? மேற்கே சரிவது பெரியாற்றுக்கு. கிழக்கே சரிவது பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதியாகி, அணைக்கும் பாசனத்துக்கும் கொடுத்தது போக மிச்சம் கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. பிறகு மாயனூர், முக்கொம்பு, கல்லணை, உங்கள் புஷ்ய மண்டபப் படித்துறை. காவிரிக்குப் பெரும்பங்கு தண்ணீர் குடகிலிருந்தும் கபினி வழியாக வயநாட்டிலிருந்தும் வருகிறது என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் நீங்கள் நின்றது நம் ஆற்றின் ஒரு தலைமாட்டில். நீலகிரியில் முக்குருத்தி தேசியப் பூங்காவும் அப்படித்தான்: அங்கே பிறக்கும் பைக்காரா ஆறு மோயாறாகி, பவானியில் சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவிரிக்கு வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று மதகடியில் சண்டை போடும் நாம், அது கிளம்புகிற இடத்துக்குப் போனால் ஐஸ்கிரீம் கடை எங்கே என்று கேட்கிறோம். எனக்கு அதில் கோபம் உண்டு. எழுதிவிட்டேன், இனி வேலையைப் பார்ப்போம்.

அடுத்த முறை விடுமுறை நாளைத் தவிர்த்து, முன்பதிவு செய்து, காலையில் முதல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். மஞ்சு மூடினால் உடனே திரும்பாமல் கொஞ்சம் காத்திருங்கள், பெரும்பாலும் விலகும். குறிஞ்சிக்குப் போகலாம் என்று நினைத்தால் 2018-இல் பூத்தது, இனி 2030. அப்போது இருக்கப்போகும் கூட்டத்தை நினைத்தால் ஆடில்லாத நாளைவிட ஆளில்லாத நாளே மேல் என்பீர்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், கல்லூரி மாணவர்கள். தேனி மாவட்ட மலையில் அனுமதி இல்லாத ஒரு பாதையில் மார்ச் மாதம் ஏறத் திட்டம். ஒருவனுக்கு வழி தெரியும். என்னவெல்லாம் எடுத்துப் போக வேண்டும்? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஒன்றும் எடுத்துப் போக வேண்டாம் தம்பி, போகவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று அதே மாவட்டத்தில் குரங்கணி மலையில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் உங்களைப் போன்ற இளைஞர்கள்.

மார்ச்சில் அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும். சமதரையில் எரியும் தீயைப் பார்த்தவர்களுக்கு மலைத்தீ புரியாது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சுவாலை முன்னால் சாய்ந்து, அடுத்த புல்லை எரிவதற்கு முன்பே காயவைத்துக்கொண்டு போகும். மேலே ஓடித் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அது உங்களை முந்திவிடும். வழி தெரிந்த நண்பனுக்கு நடக்கத்தான் தெரியும், காற்று எந்த மணிக்குத் திரும்பும் என்று தெரியாது.

அந்த விபத்துக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். அவர்களில் மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்கள் நிறையப் பேர். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். தேனியிலும் பாதை இருக்கிறது. கட்டணம் கல்லூரி மாணவருக்குக் கொஞ்சம் கூடுதல்தான், எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. அதற்காகத் திருட்டுப் பாதையில் போகாதீர்கள். பணம் சேர்த்துக்கொண்டு ஒரு பருவம் தள்ளிப் போங்கள்.

கேள்வி: மலையில் அட்டைக்கு என்ன செய்வது? – வாசகி, பாபநாசம்

பதில்: நடவு வயலில் நிற்கிற ஊர்ப் பெண் அட்டைக்குப் பயப்படலாமா! வயலில் இருப்பது நீர் அட்டை. காட்டு அட்டை ஈர இலையின் நுனியில் நிமிர்ந்து நின்று காத்திருக்கும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள். துணியில் உப்பைக் கட்டி, நனைத்து, காலணி மேல் ஒற்றிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல் அதன் மெல்லிய முனைக்கடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வழியும். அழுத்திப் பிடித்தால் போதும். வலியே இருக்காது. அரிப்பு மட்டும் ஊருக்கு வந்தபின்னும் கூடவே வரும்.

கேள்வி: கட்டுச்சோறு எடுத்துப் போகலாமா? – வாசகர், குத்தாலம்

பதில்: தாராளமாக. புளியோதரைக்கு ஈடு இல்லை. ஆனால் குரங்கு பார்க்கும் இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். தின்றபின் வாழையிலை மக்கும்தானே என்று காட்டில் வீசவும் கூடாது. சோற்று வாசனைக்குப் பழகிய குரங்கு அடுத்து வருகிறவரின் பையைப் பிடுங்கும். நீலகிரிக்கு என்றால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், தடை இருக்கிறது.

கேள்வி: குறுவை, சம்பா, உளுந்து என்று வருடம் ஓடிவிடுகிறது. விவசாயி எந்த மாதம் மலைக்குப் போவது? – வாசகர், நன்னிலம்

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் வயிற்றெரிச்சலான பதில். சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே நிற்கிற பயிரில் உளுந்தைத் தெளித்துவிடுவீர்கள். அறுத்து முடித்தால் உங்களுக்கு ஓய்வு. அந்த ஓய்வு வரும்போது மலை கதவைச் சாத்திவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவம் என்று நம் மாநிலத்துப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். இரவிகுளத்தை வரையாடு குட்டி போடும் காலம் என்று பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அப்போது நீங்களும் வரப்பை விட்டு நகர முடியாது.

மிஞ்சுவது உளுந்து பறித்து அடித்ததற்கும் மேட்டூர் திறப்பதற்கும் நடுவில் இருக்கும் நாட்கள். வழக்கமான தேதி ஜூன் 12 என்று வைத்துக்கொண்டால் சித்திரை பின்பாதியும் வைகாசியும் உங்களுடையவை. ஊட்டியும் கொடைக்கானலும் அப்போது நெரியும், இ-பாஸும் எடுக்க வேண்டும். அதனால் ஆனைமலைப் பக்கம் பாருங்கள். மன்னார்குடியிலிருந்து செம்மொழி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் கோயம்புத்தூர். அங்கிருந்து பொள்ளாச்சிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. பதிவை மட்டும் உளுந்து பூக்கும்போதே செய்துவிடுங்கள்.