காதுக்கு என்ன போடலாம்? பாட்காஸ்ட் கேள்வி பதில்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. "எது நல்ல பாட்காஸ்ட்?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எத்தனை நிமிஷம் கிடைக்கும், அப்போது கை என்ன வேலையில் இருக்கும், சுற்றிலும் சத்தம் எவ்வளவு, இந்த மூன்றும் தெரிந்தால் சுலபம். நிகழ்ச்சிப் பெயர்களை ஒலிப்படி தமிழில் போட்டிருக்கிறேன். ஆப்பில் தேடும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள், இல்லாவிட்டால் மைக்கை அமுக்கி வாயால் சொல்லுங்கள்.

திருப்பூருங்க, எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். அவிநாசியிலிருந்து பஸ்ல வர அரை மணி நேரம் ஆகும். தொழிலுக்கு உதவுற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க. மோட்டிவேஷன் மட்டும் வேண்டாமுங்க.

உங்களுக்குச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் என்பிஆர் வானொலி நடத்தும் "பிளானெட் மணி"யில் 2013-இல் டி-ஷர்ட் பற்றி ஒரு தொடர் வந்தது. ஒரு சட்டையைத் தாங்களே தயாரிக்க ஏற்பாடு செய்து, அது போகும் வழியெல்லாம் கூடவே போனார்கள். மிசிசிப்பியில் பஞ்சு, இந்தோனேசியாவில் நூல், ஆம்பளைச் சட்டை பங்களாதேஷில் தையல், பொம்பளைச் சட்டை கொலம்பியாவில். கூலி ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஆர்டர் ஏன் ஊர் விட்டு ஊர் போகிறது என்பதை தையல் லைனில் நின்று விளக்குகிறார்கள். நம்ம ஊர் அதில் வராது. ஆனால் பையர் (ஆர்டர் கொடுத்து வாங்குபவர்) எப்படிக் கணக்குப் போடுகிறார் என்பது நன்றாகப் புரியும். எபிசோட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பஸ் நேரத்துக்குள் முடியும்.

அடுத்தது, ஏவரி ட்ரஃபல்மன் செய்யும் "ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் இன்ட்ரஸ்ட்". துணிமணிக்கென்றே உள்ள நிகழ்ச்சி, 2018-இல் தொடங்கியது. முதல் வரிசையில் குழந்தை உடை, கட்டம் போட்ட துணி, பாக்கெட், ஜீன்ஸ் என்று ஆளுக்கொரு எபிசோட். "பாக்கெட்" எபிசோடில் தொடங்குங்கள். பெண்கள் உடையில் பாக்கெட் ஏன் சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தவர், டெக் பேக்கில் (உடையின் அளவு விவரத் தாளில்) பாக்கெட் அளவு வரும்போது பையரிடம் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும்.

ஷிப்பிங் பக்கம் புரிய, 2017-இல் வந்த "கன்டெய்னர்ஸ்". அலெக்சிஸ் மத்ரிகல், 8 எபிசோட், ஓக்லண்ட் துறைமுகத்தை வைத்துச் சொல்வது. தூத்துக்குடிக்குப் பெட்டி ஏற்றுவதோடு நம்ம வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

சோமனூர்ல தறி ஓட்டறேன் அண்ணா. ஷெட்டுக்குள்ள ஹெட்செட் மாட்டிக் கேக்கலாமுங்களா?

வேண்டாமுங்க. விசைத்தறிக் கூடத்தில் சத்தம் பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதி வைத்திருக்கும் வரம்பே 90 தான். அந்த இரைச்சலுக்கு மேலே பேச்சு புரிய வேண்டுமென்றால் இயர்போன் சத்தம் இன்னும் ஏற வேண்டும். இரண்டும் சேர்ந்து காதில்தான் விழும். முதலில் போவது "ச", "ஸ", "ஃப" மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்கும் திறன். ஆள் பேசுவது காதில் விழும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. போனது திரும்ப வராது. இன்னொன்று, நூல் அறுந்த சத்தம், ஷட்டில் மாறி அடிக்கிற சத்தம் கேட்காமல் போனால் துணியும் போச்சு, சில நேரம் விரலும் போச்சு.

ஷெட்டில் இருக்கும்போது ஃபோம் இயர்ப்ளக் போடுங்கள். உருட்டி ஒல்லியாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். சும்மா சொருகினால் பாதிப் பலன்கூட இல்லை. கேட்பதற்கு டீ நேரம் போதும். பிபிசியின் "50 திங்ஸ் தட் மேட் த மாடர்ன் எகானமி" எபிசோட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 நிமிஷம். டிம் ஹார்ஃபோர்ட் சொல்கிறார், எளிய ஆங்கிலம். ஏர்க்கலப்பை, கன்டெய்னர், பார்கோடு என்று வாரத்துக்கு மூன்று கேட்கலாம்.

நாமக்கல்லுங்க. எங்க வீட்டுக்காரர் லாரில குஜராத் வரைக்கும் போறவரு. போனை நோண்டாம கேக்கற மாதிரி தமிழ்ல ஏதாவது?

தீபிகா அருண் வாசிக்கும் "கதை ஓசை". தமிழ்க் கதைகளும், கல்கியின் பெரிய நாவல்களும் முழுசாக இருக்கின்றன. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் இப்படி வாசித்து வெளியிடத் தடை இல்லை. ஒரு நாவல் எடுத்தால் ஒரு டிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது.

ஸ்பாட்டிஃபையில் காசு கட்டாத கணக்கிலேயே பாட்காஸ்ட் டவுன்லோட் ஆகும் (பாட்டுக்குத்தான் கட்ட வேண்டும்). கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி வீட்டு வைஃபையில் இறக்கி, ஆட்டோபிளே (ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடுவது) போட்டு, புளூடூத்தில் கேபின் ஸ்பீக்கரோடு இணைத்துவிடுங்கள். காதில் மாட்டுவது ஓட்டும்போது கூடவே கூடாது, ஹாரன் கேட்காது.

செட் பழசு, புளூடூத் இல்லை என்றால் பென் டிரைவ். இதில் இரண்டு இடத்தில் மாட்டும். ஒன்று, 64 ஜிபி டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பு முறையில் வரும், பழைய செட் படிக்காது. 32 ஜிபி வாங்கி ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யுங்கள். இரண்டு, மலிவு செட்டுகள் பெயர் வரிசையில் ஓட்டாது, ஃபைல் ஏறிய வரிசையில்தான் ஓட்டும். அதனால் 12-ஆம் அத்தியாயத்துக்கு அப்புறம் 3 வரும். டிரைவைக் காலி பண்ணி, ஃபைலுக்கு 01, 02, 03 என்று பெயர் வைத்து, ஒன்று முடிந்தபின் ஒன்றாகக் காப்பி பண்ணினால் சரியாகிவிடும். 64 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தின் அளவு) எம்பி3 மணிக்கு சுமார் 29 எம்பி, ஆகவே இடத்துக்குக் கவலை இல்லை.

தூக்கம் வந்தால் எந்தப் பாட்காஸ்டும் காப்பாற்றாது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்க.

கூகுள் பாட்காஸ்ட்ஸ்ல கேட்டுட்டிருந்தேன், காணாமப் போச்சு. இப்ப எந்த ஆப்? நெட்டும் சீக்கிரம் தீருது. (கரூர்)

அதை 2024-இல் மூடிவிட்டார்கள். ஆண்ட்ராய்டு என்றால் ஆன்டெனாபாட்: இலவசம், விளம்பரம் இல்லை, கணக்கும் தொடங்க வேண்டாம். ஐபோனில் ஓவர்காஸ்ட். இரண்டிலும் கேட்கிறவர் பாக்கெட் காஸ்ட்ஸ் போடலாம்.

நெட் தீருவது பெரும்பாலும் பாட்காஸ்டால் இல்லை, யூடியூபில் வீடியோவாக ஓட்டுவதால். 128 கேபிபிஎஸ் ஆடியோ மணிக்கு 58 எம்பிக்குள் முடியும், வீடியோ அதைப்போலப் பல மடங்கு. தமிழ் நிகழ்ச்சி பல யூடியூபில் மட்டும்தான் வருகின்றன என்பது உண்மைதான். அவற்றில் பாட்காஸ்ட் என்று குறித்திருப்பவற்றை யூடியூப் மியூசிக் ஆப்பில் போட்டால் திரையை அணைத்தாலும் ஓடும்.

ஆன்டெனாபாட் செட்டிங்ஸில் தானியங்கி டவுன்லோடை ஆன் பண்ணுங்கள், மொபைல் டேட்டாவுக்கான அனுமதியில் தானியங்கி டவுன்லோடை மட்டும் எடுத்துவிடுங்கள், கேட்டு முடித்தது தானே அழியும்படி வையுங்கள். "ஆன் பண்ணியும் காலையில் பார்த்தால் ஒன்றும் இறங்கவில்லை" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். தப்பு ஆப்பில் இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே ராத்திரி ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. போன் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆன்டெனாபாட், பேட்டரி என்று போய் "கட்டுப்பாடு இல்லை" என்று மாற்றுங்கள். சில சீனா போனில் "ஆட்டோஸ்டார்ட்" என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் பண்ண வேண்டும்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு. வெளிநாட்டு விவசாய பாட்காஸ்ட் கேட்டு நம்ம தோப்புல செஞ்சு பாக்கலாமுங்களா?

மண்ணுக்கு உயிர் எப்படி வருகிறது, பூச்சி எப்படிப் பெருகுகிறது என்ற அளவுக்குக் கேளுங்கள். மருந்து, அளவு, நாள் கணக்கு எதையும் அதிலிருந்து எடுக்காதீர்கள். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், இங்கிலாந்துக் கேலன் 4.546 லிட்டர். பவுண்ட் என்பது 454 கிராம். ஹெக்டேர் 2.47 ஏக்கர். பேச்சுவாக்கில் வரும் எண்ணை அப்படியே டேங்கில் கலந்தால் முடிந்தது கதை.

சுருள் வெள்ளை ஈயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் இந்தியாவில் முதலில் தென்பட்டதே உங்க பக்கம்தான். வெள்ளை ஈ என்றதும் பூச்சிமருந்தைச் சொல்லும் நிகழ்ச்சியைக் கேட்டு அடித்தால், அதைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து சாகும். ஈ இன்னும் பெருகும். அளவு விஷயத்துக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி, கோவை வானொலியின் விவசாய நிகழ்ச்சி, இரண்டும் போதும். பேசுகிறவர் நம்ம மண்ணைப் பார்த்தவராக இருப்பார்.

கோபி பக்கம் காலேஜ் படிக்கிறேன். இங்கிலீஷ் காதுல ஏறவே மாட்டேங்குது.

பிபிசியின் "6 மினிட் இங்கிலீஷ்". முழு உரையும் அவர்கள் தளத்தில் இருக்கிறது. எல்லோரும் உரையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அப்போது கண்தான் படிக்கிறது, காது சும்மா இருக்கிறது. முதல் தடவை உரை இல்லாமல், பிடிபட்ட சொற்களை மட்டும் தாளில் எழுதுங்கள். இரண்டாம் தடவை வேகத்தை 0.8-க்குக் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் குரல் இழுபட்டு இன்னும் குழப்பும். மூன்றாவதாக உரையோடு. கடைசியாக அரை நிமிஷப் பகுதி ஒன்றை எடுத்து, அவர் சொல்லச் சொல்லக் கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். வாயில் வராத இடம்தான் காதிலும் விழாத இடம். ஒரு எபிசோடுக்கு நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை.

நர்சிங் முடிச்சு ஜெர்மனி போக ஜெர்மன் மொழில பி2 நிலை படிக்கிறேன். (பெருந்துறை)

டாய்ச்ச வெல்லே வானொலி தினச் செய்தியை வேகம் குறைத்து, உரையோடு தருகிறது. "லாங்ஸாம் கெஷ்ப்ரோஹனெ நாஹ்ரிஷ்டன்" என்று பெயர். உங்கள் நிலைக்கு அதுதான். இப்போதுதான் தொடங்குகிற தோழி இருந்தால் "காஃபி பிரேக் ஜெர்மன்" கொடுங்கள். வார்டில் பேசும் பேச்சு இவை இரண்டிலும் வராது, அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

பீளமேட்டுல ஆட்டோமேஷன் கம்பெனி. பிஎல்சி (மெஷினை ஓட்டற சின்னக் கம்ப்யூட்டர்), டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்தற கருவி) வேலை. டெக்னிக்கலா, ஆனா போரடிக்காம?

ஜாக் ரைசைடர் நடத்தும் "டார்க்நெட் டைரீஸ்", 29-ஆம் எபிசோட், ஸ்டக்ஸ்நெட். ஈரானின் நதான்ஸ் அணு ஆலையில் சீமென்ஸ் எஸ்7 பிஎல்சிக்குள் புகுந்து, சென்ட்ரிஃப்யூஜ் (அதிவேகமாகச் சுழலும் எந்திரம்) ஓட்டும் டிரைவின் ஃப்ரீக்வென்சியை ஏற்றி இறக்கி, கன்ட்ரோல் ரூம் திரையில் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிய வைரஸ். யூஎஸ்பி டிரைவ் வழியாகவும் பரவியது. புரோகிராம் ஏற்ற வருகிறவர் கையில் பென் டிரைவைப் பார்த்தால் இனிமேல் இரண்டு கேள்வி கேட்பீர்கள்.

விபத்து ஏன் நடந்தது என்று அலசும் இரண்டு: ஜான் சிட்ஜியின் "காசாலிட்டி", டிம் ஹார்ஃபோர்டின் "காஷனரி டேல்ஸ்". முதலாவது எஞ்சினியருக்கு, இரண்டாவது எல்லோருக்கும்.

சென்னிமலைப் பக்கம் வரலாற்று ஆசிரியர். பசங்களுக்கு வகுப்பில் போட்டுக் காட்டற மாதிரி?

பிரிட்டிஷ் மியூசியமும் பிபிசியும் சேர்ந்து 2010-இல் செய்த "எ ஹிஸ்டரி ஆஃப் த வேர்ல்ட் இன் 100 ஆப்ஜெக்ட்ஸ்". எபிசோடுக்கு ஏறக்குறைய கால் மணி, பீரியடுக்கு வசதி. உங்களுக்கு 40-ஆவது: இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற ஊரில் கிடைத்த ரோமானிய வெள்ளி மிளகுக் குப்பி. அந்த மிளகு போனது நம்ம பக்கத்துக் கடற்கரையிலிருந்து. அதைப் போட்டுவிட்டு, நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த மணிகளையும், வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளையும் பற்றிச் சொன்னால், பாலக்காட்டுக் கணவாய் வழி வியாபாரம் பசங்களுக்குத் தானே விளங்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். முழுசாக ஓடவிட்டால் கடைசி பெஞ்ச் தூங்கும்.

உங்களுக்கென்று கேட்க, அனிருத் கனிசெட்டியின் "எக்கோஸ் ஆஃப் இந்தியா", பிபிசியின் "இன் அவர் டைம்". பின்னது 1998-இலிருந்து வருகிறது, ஒரு பொருளுக்கு மூன்று அறிஞர்கள். டான் கார்லினின் "ஹார்ட்கோர் ஹிஸ்டரி" விறுவிறுப்புதான், ஆனால் தான் வரலாற்றாய்வாளர் இல்லை என்று அவரே சொல்லிவிடுவார். மேற்கோள் காட்ட எடுக்காதீர்கள்.

இங்கிலீஷே வேண்டாம் சாமி. தாராபுரத்துல ரிட்டயர் ஆகி உக்காந்திருக்கேன். காதும் ஒரு பக்கம் மந்தம்.

செய்திக்கும் பேட்டிக்கும் ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ், அரசியல் கிண்டலுக்கு விகடனின் "இம்பர்ஃபெக்ட் ஷோ", கதைக்கு மேலே சொன்ன "கதை ஓசை". ஆகாசவாணித் தமிழ்ச் செய்தியை நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் கேட்கலாமுங்க.

காது விஷயத்துக்கு ஒன்று செய்யுங்கள். சில நிகழ்ச்சியில் ஒருவர் குரல் இடது பக்கமும் மற்றவர் குரல் வலது பக்கமும் அதிகமாக வரும். ஒரு காதில் கேட்பவருக்குப் பாதிப் பேச்சு காணாமல் போகும். போன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் "மோனோ ஆடியோ" இருக்கும், பேரனை ஆன் பண்ணச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகி நல்ல காதிலேயே விழும்.

ஆறு வயசுப் பையன், "ஏன் ஏன்"னு கேட்டே கொல்றான். (ஈரோடு)

"பட் ஒய்", குழந்தைகள் அனுப்பும் கேள்விக்கு அந்தந்தத் துறைக்காரர் பதில். கொஞ்சம் பெரியவன் ஆனதும் "பிரெய்ன்ஸ் ஆன்", அதில் ஒரு மர்ம ஒலியைப் போட்டு என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஹெட்செட் வேண்டாம் அக்கா, ஸ்பீக்கரில் போட்டு நீங்களும் கேளுங்கள், அடுத்த "ஏன்" உங்களிடம்தான் வரும்.

கிரைம் மட்டும்தான் கேப்பேன். ஆனா எப்பவும் நடுவுல மாட்டிக்கிறேன், கதை புரியல. (உடுமலை)

தொடராக வரும் பாட்காஸ்டிலும் பல ஆப் புதியதைத்தான் மேலே காட்டும். நிகழ்ச்சிப் பக்கத்தில் வரிசையை "பழையது முதலில்" என்று மாற்றுங்கள். "டிரெய்லர்", "போனஸ்", "அப்டேட்" என்று இருப்பதைத் தள்ளிவிடுங்கள், முடிவு அதில் உடைந்துவிடும். "இன் த டார்க்" இரண்டாம் சீசனில் ஆரம்பியுங்கள்: ஒரே கொலை வழக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஆள், ஆறு தடவை விசாரணை. வழக்கு என்ன ஆனது என்று கூகுளில் தேட வேண்டாம், முதல் வரியிலேயே போட்டுவிடுவான்.