சூத்திரங்கள் தெரிந்தும் என் மகனால் இயற்பியல் கணக்குகளைப் போட முடியவில்லை, என்ன செய்யலாம்?

உங்கள் மகன் உயர்நிலை மூன்றில் படிப்பதாகவும், அடர்த்தி, வெப்பம், மின்சாரம் ஆகியவற்றின் சூத்திரங்களை மடமடவென்று ஒப்பித்தாலும் கணக்கில் தடுமாறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு என் மகளும் இப்படித்தான் இருந்தாள். இன்னொரு துணைப்பாட வகுப்பு இதற்குத் தீர்வாகாது. சூத்திரத்தைத் தேடுமுன், கணக்கில் என்ன நடக்கிறது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல அவன் பழக வேண்டும். பள்ளியில் ஆங்கிலத்தில் பயின்றாலும், வீட்டில் அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் பாடநூல் வரியையே ஒப்பித்துவிடுவான்.

எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கெட்டிலின் அடியில் 230 வோல்ட், 2200 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அதில் 28 டிகிரி செல்சியஸில் இருந்த ஒன்றரை லிட்டர் குழாய்நீரை ஊற்றி, கொதிக்க எவ்வளவு நேரமாகும் என்று மகளிடம் கேட்டேன். "கெட்டில் தரும் ஆற்றல் நீரைச் சூடாக்குகிறது" என்றாள். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4200 ஜூல் வேண்டும் என்பதால், 1.5 (ஒன்றரை லிட்டர் நீர் ஒன்றரை கிலோகிராம்), 4200, 72 (கொதிநிலை 100இலிருந்து 28ஐக் கழித்தது) ஆகியவற்றைப் பெருக்கி 453,600 ஜூல் என்று கண்டு, அதை 2200ஆல் வகுத்து 206 விநாடி என்று எழுதினாள். கடிகாரம் காட்டியதோ 230 விநாடி. மிச்சம் 24 விநாடியின் ஆற்றல் எங்கே போயிற்று என்று அவளே கேட்டு, கெட்டிலின் உடலையும் ஆவியையும் சுற்றியுள்ள காற்றையும் அவளே சொன்னாள். வெப்ப இழப்பு இல்லை எனக் கொள்ளும்படி வினாத்தாள் சொல்வது ஏன் என்பது அன்றுதான் அவளுக்கு விளங்கியது. அதே 2200ஐ 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9.6 ஆம்பியர் வருகிறது. 13 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தாங்கும், 5 ஆம்பியர் ஃபியூஸ் உருகிவிடும்.

அடர்த்தியில் தொல்லை அலகால் வருவது. 54 கிராம் அலுமினியத்தின் கன அளவு 20 கன சென்டிமீட்டர். அதைக் கன மீட்டராக்கப் பத்து லட்சத்தால் வகுக்காமல், பலர் நூறால் வகுத்து, அடர்த்தி கன மீட்டருக்கு 0.27 கிலோகிராம் என்று முடித்துவிடுகிறார்கள். காற்றின் அடர்த்தியே ஏறத்தாழ 1.2 என்பதால், அந்த அலுமினியம் காற்றில் மேலெழும்ப வேண்டும்! சரியான விடை 2700.

பக்க இணைப்பு மின்தடைக்கும், விடை நடக்கக்கூடியதா என்று பார்க்கும் இதே சோதனை உண்டு: 6 ஓமும் 3 ஓமும் சேர்ந்தால் 2 ஓம். விடை சிறிய தடையான 3ஐத் தாண்டினால், மறுபடி போடச் சொல்லுங்கள்.