வீட்டு ரசீதுகள்: எதை வைப்பது, எதைக் கிழிப்பது?

கே: பீரோ மேல்தட்டு முழுக்க பில்தான் சார். பத்து வருஷத்து கரண்ட் பில்கூட கிடக்குது. எதையெல்லாம் தூக்கிப் போடலாம்?

ப: ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ‘இதை நாளைக்கு யார் கேட்பார்கள்?’ என்று பாருங்கள். வருமான வரித் துறை, பொருள் விற்ற கம்பெனி, சார்பதிவாளர் அலுவலகம், வீட்டை வாங்க வருகிறவர். இந்த நாலு பேரில் ஒருவரும் கேட்க வாய்ப்பில்லை என்றால் கிழித்துவிடலாம். கரண்ட் பில்லில் ஒரு வருஷத்துக்கான ஆறு ரசீது போதும். ஆனால் இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட் ரசீது, பெயர் மாற்றிய கடிதம் இரண்டும் வீடு இருக்கும்வரை இருக்கட்டும்.

கே: சொத்து வரி ரசீது?

ப: எல்லாவற்றையும் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒன்று என்றால் இருபது வருஷத்துக்கே நாற்பது தாள்தான். வாடகைக்கு விட்ட வீடு என்றால் இன்னொரு காரணம் உண்டு. வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழிக்க, அதை நீங்கள் அந்த நிதியாண்டுக்குள் கட்டியிருக்க வேண்டும். பாக்கி இருந்தால் கழிவு கிடையாது. ஆன்லைனில் கட்டுகிறவர்கள் ‘பணம் போய்விட்டது’ என்ற குறுஞ்செய்தியோடு விட்டுவிடுகிறார்கள். வரி எண்ணும் அரையாண்டும் போட்ட ரசீதை அன்றைக்கே இறக்கி வையுங்கள்.

கே: வாடகை வீட்டுக்கு பெயின்ட், பிளம்பிங் எல்லாம் செய்தோம். அந்த பில் வரிக்கு உதவுமா?

ப: உதவாது. சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் எப்படியும் கழிந்துவிடும்; அதற்கு பில்லே கேட்பதில்லை.

கே: மாடி எடுக்கப் போறோம். ஹார்டுவேர் கடையில எஸ்டிமேட் சீட்டுதான் தர்றாங்க, ஜிஎஸ்டி பில்லுன்னா ரேட் கூடும்ங்கிறாங்க. அந்தச் சீட்டு போதுமா?

ப: போதாது. இங்கேதான் பெரிய தொகை அடிபடுகிறது. வீட்டை விற்கும்போது, மாடி கட்டிய செலவை வாங்கிய விலையோடு சேர்த்துத்தான் லாபம் கணக்கிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கையில் இருந்த வீட்டுக்கு லாபத்தில் 12.5 சதவீதம் வரி. பத்து லட்சம் செலவுக்கு ஆதாரம் இல்லையென்றால் 1,25,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும். 23.7.2024க்கு முன் வாங்கிய வீடு என்றால், வாங்கிய விலையிலும் செலவிலும் பணவீக்கத்தைச் சேர்த்து, லாபத்தில் 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்தக் கணக்கில் செலவு எந்த நிதியாண்டில் நடந்தது என்பதே தொகையை மாற்றும். அதனால் தேதியில்லாத சீட்டு குப்பைக்குச் சமம்.

சரியான பில்லில் கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும். உங்கள் பெயரும் வேலை நடக்கும் முகவரியும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சிமென்ட் உங்கள் வீட்டுக்குத்தான் போனது என்று எப்படிக் காட்டுவீர்கள்? கூடுதல் மாடி, காம்பவுண்டு சுவர், போர்வெல் கணக்கில் சேரும். வெள்ளையடிப்பது, ஒழுகிய குழாயை மாற்றுவது போன்ற பராமரிப்பு சேராது.

கே: கொத்தனார், சித்தாள் கூலிக்கு யார் பில் தருவா?

ப: நீங்களே வவுச்சர் எழுதுங்கள். மேஸ்திரி பெயர், முகவரி, போன் நம்பர், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, தொகை, கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து ஸ்டாம்பின் மேலும் தாளின் மேலுமாக விழ வேண்டும். வாரக்கூலியை மேஸ்திரியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் இன்னும் பலம். வேலை முடிந்து மாதம் கழித்து மொத்தமாக எழுதி வாங்கும் வவுச்சர்கள் ஒரே பேனா, ஒரே மை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கே: ஏசி பில் ஆறே மாசத்துல வெள்ளைத் தாளாயிடுச்சு. லேமினேட் பண்ணியிருக்கணுமோ?

ப: லேமினேட் செய்திருந்தால் அன்றைக்கே கறுத்திருக்கும்! அது தெர்மல் தாள். அதில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற ரசாயனப் பூச்சுதான். லேமினேஷன் சூட்டில் தாள் முழுக்கக் கறுக்கும். வெயில், எண்ணெய்க் கை, சானிடைசர், மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை எல்லாம் எழுத்தை மங்கடிக்கும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு காகித உறையில் போடுங்கள். இப்போதைக்குக் கடையில் போய் டூப்ளிகேட் பில் கேளுங்கள். பில் போட்டபோது கொடுத்த போன் நம்பரை வைத்தே எடுத்துவிடலாம்.

கே: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு பில் மட்டும் இருந்தா வாரண்டி கிடைக்குமா?

ப: வாரண்டி அட்டையில் டீலர் முத்திரை, விற்ற தேதி, சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும்; சீரியல் நம்பர் பில்லிலும் இருக்கட்டும். தகராறு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. பேட்டரியை டிராலிக்குள் தள்ளுவதற்கு முன் அதன் மேல் உள்ள நம்பரைப் போட்டோ எடுங்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் இதுதான். சுவரோரம் நகர்த்திவிட்டால் பிறகு எட்டாது.

கே: வீட்டுக் கடன் முடிஞ்சு பேங்க்ல கடிதம் கொடுத்துட்டாங்க. அது போதும்தானே?

ப: போதாது அம்மா. அடமானத்தை எம்ஓடி (பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணம்) என்று பதிவு செய்திருந்தால், வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீது பதிவு செய்து தர வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அந்த ரசீது அதில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார். அசல் பத்திரங்களை கடன் முடிந்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, 1.12.2023இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் வாங்கும்போது பட்டியலோடு ஒவ்வொரு பக்கத்தையும் ஒத்துப் பாருங்கள்.

கே: இதையெல்லாம் எப்படி அடுக்குவது?

ப: மூன்று ஃபைல் போதும். வீட்டுக்கு ஒன்று (பத்திரம், வரி, கட்டுமான பில்), சாமான்களுக்கு ஒன்று, வருமான வரிக்கு வருஷத்துக்கு ஒரு கவர். இதற்குமேல் பிரித்தால் இரண்டாவது மாதமே அடுக்குவதை விட்டுவிடுவீர்கள். வரிக் கவரை ஏழு வருஷம் வையுங்கள். கட்டுமான பில்லுக்கு அந்த ஏழு வருஷம் வீட்டை விற்ற பிறகுதான் தொடங்குகிறது. ரப்பர் பேண்ட் உருகி ஒட்டும், குண்டூசி துருப்பிடிக்கும், இரண்டும் வேண்டாம். கரையானுக்குப் பயந்தால் மர அலமாரியைத் தவிர்த்து இரும்பு பீரோவில், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

போனில் எடுத்த படத்துக்கு ‘2025-03-14 மோட்டார்’ என்பதுபோல வருஷத்தில் தொடங்கிப் பெயரிட்டால் தானாக வரிசையாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சின்ன எழுத்து குழம்பும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கே: கடைக்காரர் பில்லே தர மறுத்தால்?

ப: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதனால் பில் தராத கடையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். கார்டிலோ யுபிஐயிலோ கட்டுங்கள்.