பழைய குரோனோகிராஃப்: பின்மூடியைத் திறந்துவிட்டுப் பேசுவோம்

ஸ்டாப்வாட்ச் பட்டன் வைத்த பழைய கைக்கடிகாரம், அதாவது குரோனோகிராஃப், வைத்திருப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, இத்தனை கேள்வி வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். "படம் பார்த்து விலை சொல்லுங்க சார்" என்று டயல் படம் மட்டும் அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மெஷினைப் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை.

தாத்தாவின் வாட்ச். தங்க நிறம். டயலில் "குரோனோகிராஃப் சுவிஸ்" என்று மட்டும் இருக்கிறது. இது எந்த கம்பெனி, நல்ல விலை போகுமா?

அது கம்பெனி பெயரே இல்லை. "சுவிஸ் குரோனோகிராஃப்" என்று பொருள், அவ்வளவுதான். 1940, 50களில் சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் பலர் இந்தப் பெயரில் ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். உள்ளே பெரும்பாலும் லாண்டரான் என்ற சுவிஸ் கம்பெனியின் மெஷின் இருக்கும். பின்மூடியின் உள்பக்கம் 750 என்ற எண்ணும் கடுகளவு பெண் தலை முத்திரையும் இருந்தால் 18 கேரட் தங்கம். "20 மைக்ரான்" என்று இருந்தால் முலாம். தங்கமாகவே இருந்தாலும் மொத்த எடையைப் போட்டுக் கணக்குப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள், இந்தக் கூடுகள் தகடு மாதிரி மெல்லியவை, ஸ்ட்ராப் மாட்டும் காதுகள்கூட உள்ளே வெற்றிடமாகத்தான் இருக்கும். எடையில் பெரும்பகுதி மெஷின்தான். விற்பதைவிட நீங்களே கட்டிக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மேல் பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் முள் ஓடுகிறது. திரும்ப அழுத்தினால் நிற்க மாட்டேன் என்கிறது. ரிப்பேர்காரர் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, பாகம் மாற்ற வேண்டும் என்கிறார்.

ஒரு நிமிடம். கீழ் பட்டனை அழுத்திப் பாருங்கள். முள் நிற்கிறதா? இன்னொரு தடவை அதையே அழுத்துங்கள். 12க்குத் திரும்பியதா? அப்படியானால் எதுவும் உடையவில்லை. லாண்டரான் 48 வகை மெஷின்களின் சுபாவமே அதுதான்: மேல் பட்டன் ஓடவிட மட்டும், நிறுத்துவதும் திருப்புவதும் கீழ் பட்டன் வேலை. மற்ற குரோனோகிராஃப்கள் மேல் பட்டனிலேயே ஓடி நிற்பதால் எல்லோரும் இதைப் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் தொழில் கற்ற புதிதில் இதே மெஷினை அரை நாள் கழற்றி மாட்டி, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். குருநாதர் வந்து கீழ் பட்டனை அழுத்திவிட்டுப் பேசாமல் டீ குடிக்கப் போனார்.

என்ன மெஷின் என்று உறுதி செய்ய, ரிப்பேர்காரரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும் பேலன்ஸ் வீலுக்குக் கீழே தட்டில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒரு சின்ன முத்திரையும் எண்ணும் ஒளிந்திருக்கும். டயலில் யார் பெயர் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அந்த எண்தான் மெஷினின் பிறப்புச் சான்றிதழ்.

காலம் வீல் (column wheel, தூண் சக்கரம்) இருந்தால்தான் மதிப்பு என்கிறார்களே? எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டனை அழுத்தும்போது உள்ளே கவனியுங்கள். கோட்டைக் கொத்தளம் மாதிரி தூண்கள் நிற்கும் சின்னச் சக்கரம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு படி திரும்பினால் காலம் வீல். அதற்குப் பதில் தட்டையான ஒரு தகடு முன்னும் பின்னும் நகர்ந்தால் கேம் (cam). வால்ஜூ 72, வீனஸ் 178 மெஷின்கள் எல்லாம் காலம் வீல். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் 321 என்ற காலம் வீல் மெஷினை மாற்றி 1968இல் 861 என்ற கேம் மெஷினைக் கொண்டுவந்தார்கள். 1969இல் நிலவில் நடந்தபோது விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரின் கட்டியிருந்தது பழைய 321தான், அதனால் சேகரிப்பவர்கள் அதற்கு உயிரைக் கொடுக்கிறார்கள். ஆனால் நேரம் காட்டுவதில் 861 ஒரு மாற்றுக் குறைந்ததில்லை, மணிக்கு 18,000க்குப் பதில் 21,600 துடிப்பு, பராமரிக்கவும் சுலபம். காலம் வீலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு பாதி அழகுக்கு, பாதி பெருமைக்கு.

சீக்கோ 6139 ஒன்று வந்திருக்கிறது அண்ணா. மஞ்சள் டயல். சாவி கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை தம்பி. அதற்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது, முழு ஆட்டோமேட்டிக். மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டிக் கட்டிக்கொள்ளுங்கள், ஓடும். பக்கவாட்டுக் குமிழை (கிரவுன்) உள்ளே அழுத்தினால் தேதி மாறும், அதையும் சோதித்துவிடுங்கள். விண்வெளி வீரர் வில்லியம் போக் ஸ்கைலாப் விண்வெளி நிலையப் பயணத்துக்கு எடுத்துச் சென்ற மஞ்சள் டயல் இதே குடும்பம்தான், அந்தப் பெயரைச் சொல்லியே விலையை ஏற்றுவார்கள்.

வயது பார்க்கப் பின்மூடியின் வரிசை எண்ணை எடுங்கள். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 14 என்று தொடங்கினால் 1971 ஏப்ரல். 1961 ஏன் இல்லை என்றால் இந்த மெஷினே 1969இல்தான் வந்தது. அப்புறம் டயலில் தண்ணீர் பற்றி எழுதியிருக்கும் வார்த்தையைப் பாருங்கள். முதலில் "ப்ரூஃப்" என்று போட்டார்கள், பிறகு "ரெசிஸ்ட்" என்று மாற்றினார்கள். டயலில் ஒன்றும் பின்மூடியில் மற்றொன்றும் இருந்தால் இரண்டு வாட்ச்சைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள் பளபளவென்று நேற்று அடித்த மாதிரி இருந்தால் டயல் புதிதாகச் செய்தது. 50 வருட மஞ்சள் அப்படி இருக்காது.

டயலில் புள்ளி புள்ளியாகக் கறை. புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் நல்ல விலை வருமா?

தொடாதீர்கள். கூட்டைப் பாலிஷ் போடவும் வேண்டாம். கறையோடு இருக்கும் அசல் டயலுக்கு இருக்கும் மதிப்பில் பாதிகூட மறுபடி அச்சடித்த டயலுக்கு வராது. கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை: லென்ஸில் பார்த்தால் அசல் எழுத்து ஓரம் கத்தி மாதிரி இருக்கும், மறு அச்சில் மை கசிந்து தடித்திருக்கும், சின்ன வட்டத்தின் விளிம்பில் எண்கள் தப்பான இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். பாலிஷ் போட்ட கூட்டில் காதுகளின் கூர்மையான ஓரங்கள் சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருக்கும். போன உலோகம் திரும்ப வராது.

முள்ளில் இருக்கும் பழுப்புப் பூச்சு ரேடியமா? இருட்டில் மின்னவில்லை, அதனால் ஆபத்து இல்லைதானே?

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மின்னுவது ரேடியம் இல்லை, அதோடு கலந்த ரசாயனம். அது சில பத்தாண்டுகளில் செத்துவிடும், ரேடியத்தின் அரை ஆயுளோ சுமார் 1,600 வருடம். 1960களுக்கு முந்தைய வாட்ச் என்றால் ரேடியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டயலின் அடியில் "டி சுவிஸ் டி" என்று இருந்தால் டிரிடியம், அரை ஆயுள் 12 வருடம் சொச்சம், பெரிய கவலை இல்லை. ரேடியம் வாட்ச்சை வீட்டில் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டவே சுரண்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போவதுதான் வினை.

சர்வீஸ் செய்து வந்ததிலிருந்து ஸ்டாப்வாட்ச் முள் 12இல் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

உள்ளே இதய வடிவில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. கீழ் பட்டனை அழுத்தும்போது ஒரு சுத்தியல் அதன் மேல் விழும், இதயம் வழுக்கிக்கொண்டு தாழ்ந்த பள்ளத்துக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தள்ளி நின்றால் முள்ளை மாட்டியது சரியில்லை, இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் நின்றால் முள்ளின் குழாய் தளர்ந்துவிட்டது, அடிக்கடி பிடுங்கி மாட்டினால் வருவது. ஓடும்போதே திருப்பும் பட்டனைப் பலமாக அழுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒப்படைப்பதற்கு முன் ரிப்பேர்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "மையம் தள்ளிய திருகுகளைத் தொடுவீர்களா?" பற்கள் எவ்வளவு ஆழம் கவ்வ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திருகுகள் அவை. காரணமில்லாமல் திருப்புகிறவரிடம் கொடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் வாட்ச்சின் துடிப்பை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவியில் படுக்கவைத்து பேலன்ஸ் வீலின் வீச்சு 270 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் சந்தோஷம். ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டால் கொஞ்சம் குறையும், அது இயல்பு.

ஸ்டாப்வாட்சை எப்போதும் ஓடவிடலாமா? தண்ணீர் பட்டால்?

பழைய கைச்சாவி மெஷினில் வேண்டாம், தேயும். தண்ணீர் கூடவே கூடாது, பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும்.

டயல் ஓரத்தில் நத்தைச் சுருள் மாதிரி கிலோமீட்டர் எண்கள். எதற்கு?

இரண்டு வகை உண்டு. டாக்கிமீட்டர் என்றால் வேகம்: ஒரு கிலோமீட்டரை 36 நொடியில் கடந்தால் முள் 100இல் நிற்கும். டெலிமீட்டர் என்றால் தூரம்: மின்னல் தெரிந்ததும் அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்துங்கள், இடி எவ்வளவு தூரம் என்று முள் காட்டும், 3 நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அடுத்த மழையில் முயன்று பாருங்கள். ஜன்னலுக்கு உள்ளே நின்று, வாட்ச் நனையாமல்.