தம்பியிடமிருந்து தொடங்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 52. பூர்வீக வீட்டுப் பாகப்பிரிவினையில் என் தம்பி என்னை ஏமாற்றிவிட்டான். வழக்கு நடக்கிறது. நான்கு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அவன் பேசிய பேச்சுகள்தான் காதில் ஒலிக்கின்றன. புத்தகயா போய்வந்த தோழி ஒருத்தி, ‘சப்பே சத்தா பவந்து சுகிதத்தா’ என்ற வரியைச் சொல்லிக்கொடுத்து, “யார் மேல் கோபமோ அவரை நினைத்துச் சொல்” என்றாள். இரண்டு மாதமாகச் சொல்கிறேன். ஆத்திரம்தான் கூடுகிறது. தீட்சை பெறாமல், உச்சரிப்பும் சரியாகத் தெரியாமல் சொல்வதால் வந்த வினையா? ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்று மாற்றிக்கொள்ளட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தொடங்கிய இடம் மட்டும் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் தீட்சை பற்றிய பயத்தை விடுங்கள். உங்கள் தோழி சொல்லிக்கொடுத்தது கரணீய மெத்த சுத்தம் என்ற பாலிப் பாட்டில் வரும் வரி. ‘எல்லா உயிர்களும் உள்ளம் இன்புற்றிருக்கட்டும்’ என்று பொருள். பத்துச் செய்யுள் கொண்ட சிறிய பாட்டுதான். இலங்கையில் புதுமனை புகும்போதும் நோயாளியின் படுக்கை அருகிலும் காப்பு வேண்டி ஓதப்படும் ‘பிரித்’ பாட்டுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. இல்லறத்தார் தினமும் வீட்டில் சொல்கிறார்கள். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

உச்சரிப்பும் அப்படித்தான். நீங்கள் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்று எழுதுவதைத் திபெத்தியர்கள் ‘ஓம் மணி பேமே ஹூங்’ என்றுதான் சொல்கிறார்கள். மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயில் 1961 முதல் திபெத்திய அகதிகள் குடியிருக்கிறார்கள். அங்கே போனால், மணிமாலையை உருட்டிக்கொண்டே இந்த ஆறெழுத்தைச் சொல்லியபடி நடக்கும் முதியவர்களைப் பார்க்கலாம். ஒரு மக்கள் கூட்டமே நூற்றாண்டுகளாக வேறுவிதமாக உச்சரித்துவரும்போது, உங்கள் நாக்குத் தடுமாறினால் தீங்கு வருமா? அயலார் மந்திரம் என்ற தயக்கமும் வேண்டியதில்லை. அது கருணையின் வடிவாகப் பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் மந்திரம். அந்த அவலோகிதரிடம் கேட்டுத்தான் அகத்தியர் தமிழை உலகுக்குச் சொன்னார் என்று 11ஆம் நூற்றாண்டின் தமிழ் இலக்கண நூலான வீரசோழியம் பாடுகிறது. நம் வீட்டு வாசலைத் தாண்டிப் போனவர்தான் அவர்.

ஆனாலும் நீங்கள் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ‘ஓம் மணி’ சொன்னால் மூச்சு சீராகும், சற்று அமைதியும் கிடைக்கும். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு மனிதரின் மேல் உள்ள மனத்தாங்கல். அதற்கென்றே உருவான பாட்டு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

அந்தப் பாட்டு பிறந்த கதையை உரைநூல்கள் சொல்கின்றன. மழைக்காலத்தில் தங்கித் தியானிக்கக் காட்டுக்குப் போன பிக்குகளை மரத்துத் தேவதைகள் கோர உருவங்களும் சத்தங்களும் காட்டி மிரட்டினவாம். பிக்குகளின் உடல் வெளுத்தது, மனம் ஒருமைப்படவில்லை. புத்தர் தங்கியிருந்த சாவத்தி நகருக்கு ஓடிவந்து அவரிடம் வேறு இடம் கேட்டார்கள். அவர் இந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்து அதே காட்டுக்குத் திருப்பி அனுப்பினார். உங்கள் இரண்டு மணி இருட்டை நினைக்கும்போது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. மெத்தா எனப்படும் இந்த அன்பைப் பழகியவருக்குக் கிடைக்கும் பதினொரு பயன்களைப் புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம் வரிசைப்படுத்துகிறது. முதல் மூன்றும் தூக்கத்தைப் பற்றியவை: நன்றாக உறங்குவார், நன்றாக விழிப்பார், கெட்ட கனவு காணமாட்டார்.

இனி, எங்கே தொடங்குவது என்ற கேள்வி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற தியான வழிகாட்டி நூலை எழுதிய புத்தகோசர் இதில் மிகவும் கண்டிப்பானவர். பகைவரிடமிருந்து தொடங்காதே என்கிறார். மிக நெருங்கியவரும் முதலில் வேண்டாம். தொடங்க வேண்டியது தன்னிடமிருந்து. அதன் பிறகு மதிப்புக்குரிய ஓர் ஆசிரியர், அடுத்து அன்புக்குரிய நண்பர், பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத யாரோ ஒருவர். கடைசியில்தான் பகைவர். அங்கே கோபம் எழுந்தால் மல்லுக்கட்டாமல் முந்தைய படிக்குத் திரும்பிவிட வேண்டும். இறந்தவர்களை நினைத்து இதைச் செய்யவே கூடாது என்கிறார். என் தாயார் மறைந்த ஆண்டில் இது தெரியாமல் நான் அவரை நினைத்தே தொடங்கினேன். அழுகைதான் மிஞ்சியது. தோழி அன்பினால்தான் சொன்னார், ஆனால் ஏணியின் கடைசிப் படியில் உங்களை ஏற்றிவிட்டார்.

ஆகவே மூன்று வாரத்துக்குத் தம்பியை விட்டுவிடுங்கள். படுக்கப் போகும் முன் கால் மணி நேரம், கட்டிலில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, உங்கள் காதுக்குக் கேட்கும் அளவுக்கு மெல்லச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒலிக்கவிட்டுக் கேட்பது வேறு, உங்கள் வாயால் சொல்வது வேறு. சொல்லும்போது வெளிமூச்சு நீள்கிறது. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை லத்தீன் ஜெபமாலையையும் மணி மந்திரத்தையும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறாக இறங்கியது. இதயத் துடிப்பைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. ஒரு மூச்சுக்கு ஒரு வரி போதும்.

முதல் வாரம் உங்களுக்காக மட்டும் சொல்லுங்கள். பாலி வேண்டாம் என்றால் தமிழிலேயே சொல்லலாம்: ‘நான் நலமாக இருக்க வேண்டும், துன்பமின்றி இருக்க வேண்டும்.’ கூச்சமாக இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் வேண்டிக்கொண்டு தன்னை மறந்தே பழகிய பெண்களுக்கு இந்த முதல் படிதான் மிகவும் கடினம். அவசரப்படாமல் அங்கேயே இருங்கள். பிறகு உங்களுக்குப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியை. பிறகு தினமும் பார்க்கும் பால்காரர் போன்ற யாராவது. நடுவே மனம் கோர்ட் வாசலுக்கு ஓடினால், ஓடிவிட்டது என்று தெரிந்துகொண்டு அடுத்த மூச்சில் வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நூறு முறை ஓடினாலும் நூறு முறையும் அதுவே வழி. இரண்டு மணிக்கு விழித்தால் விளக்குப் போடாமல் மனத்துக்குள் சொல்லுங்கள். இதற்குப் பிறகும் பல வாரம் தூக்கம் வராவிட்டாலோ, பகலிலும் எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

தம்பிக்கு நல்லது நினைத்தால் வழக்கை விட்டுக்கொடுத்ததாகுமோ என்ற சந்தேகம் உள்ளே இருந்து உங்களை உறுத்துகிறதோ என்று நினைக்கிறேன். அப்படி ஆகாது. உங்கள் பங்கை உறுதியாகக் கேளுங்கள், வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள். அவர் பெயரை எப்போது சேர்ப்பது என்று தேதி குறிக்க என்னால் முடியாது. அதுவரை ‘சப்பே சத்தா’, எல்லா உயிர்களும், என்ற சொல்லுக்குள் அவரும் பெயரில்லாமல் இருந்துகொள்ளட்டும். எதற்குமே கோபம் அடங்கவில்லை என்றால் அவருக்கு ஏதாவது ஒரு பொருளைக் கொடு என்றும் புத்தகோசர் ஒரு வழி சொல்கிறார். அதெல்லாம் பிறகு. முதலில் நீங்கள் தூங்க வேண்டும். மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.