கோலாலம்பூருக்கு அப்பளம், அதுவும் கடனுக்கா?

சகோதரி, மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பளம் போடும் உங்களிடம் கோலாலம்பூர் மளிகைக்கடைக்காரர் 60 நாள் கடனுக்கு 500 கிலோ கேட்கிறார் என்கிறீர்கள். முன்பின் தெரியாதவருக்கு முதல் சரக்கையே கடனுக்குக் கொடுக்காதீர்கள். பாதியை முன்பணமாகக் கேளுங்கள். மீதியை வங்கியில் கட்டிய பிறகே, சரக்கை எடுக்கத் தேவையான கப்பல் ஆவணங்கள் அவர் கைக்குப் போகட்டும். கடன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் இசிஜிசி (மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம்) காப்பீடு இல்லாமல் அனுப்பவே வேண்டாம்.

ஏற்றுமதி செய்யத் தேவையான ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடு) எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், இணையத்திலேயே வாங்கலாம்; தரகர் கேட்கும் ஐயாயிரம் வீண். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி வரி கிடையாது; அதனால் வரி கட்டாமல் அனுப்ப எல்யுடி என்ற உறுதிமொழிப் பத்திரமும் தேவையில்லை.

அட்டைப்பெட்டியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் என் முதல் சரக்கில் கால்வாசி தூளாகிவிட்டது.