எட்டு மாதமாகியும் சிற்றூரில் மனம் ஒட்டவில்லை என்றால்

வாடகை, நெரிசல், இரைச்சல் காரணமாக நகரத்தை விட்டுச் சிற்றூருக்குக் குடிவந்தும் மனம் ஒட்டவில்லை, நகரத்துக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை இப்போது எடுக்க வேண்டாம். எட்டு மாதமாகியும் மனம் ஒட்டவில்லை என்பது, சிற்றூருக்கு வந்தது தவறு என்பதற்குச் சான்றாகாது.

வாடகை, நெரிசல், இரைச்சல் என்று நீங்கள் சொன்ன மூன்று காரணங்களும் நகரத்திலிருந்து தள்ளியவை. இந்த ஊரின்பால் ஈர்த்தது எது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விட்டுவரும் இடத்தின் காரணங்களையும் சேரும் இடத்தின் காரணங்களையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பதை, இடப்பெயர்வை ஆராய்ந்த எவரெட் லீ 1966-இலேயே விளக்கியிருக்கிறார். தள்ளிய காரணம் வீடு மாறிய அன்றே தீர்ந்துவிடும். அதன் பிறகு, இரவு எட்டு மணிக்கே தெரு அடங்கி, கைப்பேசியைச் சன்னலோரம் வைத்தால்தான் அழைப்பு கிடைக்கும் என்ற நிலையில், உங்களை ஊன்றி நிற்கச் செய்ய உறவினரின் அருகாமையோ, சொந்த நிலமோ, பிள்ளைகள் ஓடியாடும் திறந்தவெளியோ ஏதேனும் ஒரு பிடிப்பு வேண்டும்.

பழைய நகரத்தில் பாதி வாடகைக்கு அமைதியான வீடு கிடைத்தால் போவீர்களா என்று, வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். அனைவரும் தயங்காமல் ‘போவோம்’ என்று எழுதினால், உங்களுக்குத் தேவைப்பட்டது வேறு வீடுதான், வேறு ஊரன்று. ஒருவர் தயங்கினாலும், அந்தத் தயக்கத்தின் காரணத்தை அவரிடம் பொறுமையாகக் கேளுங்கள்; நீங்கள் எழுதாமல் விட்ட ஈர்ப்பு அதுவாக இருக்கலாம்.

வீட்டில் தொடர் சிகிச்சை தேவைப்படுபவர் இருந்தால் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அப்போது சிறப்பு மருத்துவர் இருக்கும் தொலைவை வைத்தே முடிவெடுங்கள்.